ஆட்டுப்பால் சீஸ் நாற்றம் அடிக்குமா?

"நார்வேயில் கோடைக்கு மலையேறி ஆட்டுப்பாலில் சீஸ் செய்கிறார்களாமே, அது நாறாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கடையில் ஒரு கட்டி வாங்கி, ஒரு வாய் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் மூலையில் தள்ளியிருப்பீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏற்கெனவே ஒருவர் "ஆட்டுப்பால் என்றாலே கவுச்சிதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறாரே, அவருக்காகத்தான் இவ்வளவு நீளம்.

பெர்கனில் படித்தபோது, கோடை விடுமுறையில் சொக்ன் பக்கத்து மலையில் ஒரு குடும்பத்தோடு தங்கி வேலை பார்த்தேன். கோடையில் மட்டும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தங்கும் அந்த மலைக்கொட்டிலை அங்கே ஸ்டோல் என்பார்கள். கணவன், மனைவி, பாட்டி, கூலிக்கு நான். பகலெல்லாம் மலையில் மேயும் ஆடுகள், சாயங்காலம் உப்புக்கும் தீவனத்துக்கும் ஆசைப்பட்டுத் தானாக வந்து நிற்கும். வந்ததும் முதல் வேலையாக என் ஜாக்கெட் நாடாவைச் சப்பும்.

நாற்றம் பாலில் பிறப்பதைவிடக் கையாளுவதில் பிறப்பதுதான் அதிகம். கறந்த பாலைக் கண்டபடி குலுக்கினாலோ, குளிரவைக்காமல் போட்டுவைத்தாலோ கொழுப்பு சிதைந்து வீச்சம் எடுக்கும். கிடா பக்கத்தில் நின்றாலும் வாடை ஏறும். (ஆட்டின் ஜாதிக்கும் பங்குண்டு, தெரியும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் உணவு விஞ்ஞானி இல்லை.) அங்கே ராத்திரிப் பாலை ஓடைத் தண்ணீரில் குளிரவைத்து, காலைப் பாலோடு சேர்த்து, முப்பது டிகிரி வாக்கில் சூடாக்கி, பாலை உறையவைக்கும் ரென்னெட் விடுவார்கள். உறைந்ததும் பாட்டி ஒரு விரலை உள்ளே விட்டு மெல்லத் தூக்குவார். கட்டி சுத்தமாகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த தெளிந்த தண்ணீர் ஊறினால்தான் கத்தியை எடுப்பார். ஆட்டுப்பால் கட்டி மாட்டுப்பாலைவிட இளசு, முரட்டுத்தனமாகக் கிளறினால் தூளாகிவிடும்.

இது வெள்ளைச் சீஸ். சுமார் பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தேறும். மிச்சம் அத்தனையும் தண்ணீர்தான், ஆனால் பால் சர்க்கரை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதை நாள் முழுக்க விறகடுப்பில் வற்றவைத்தால் பால்கோவா மாதிரி திரண்டு பழுப்பு ஏறி, கடைசியில் சேறு கொதிப்பதுபோல் 'பொளக் பொளக்' என்று வெடிக்கும். இறக்கிய பிறகும் ஆறும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நாக்கில் மணல் மணலாக நெருடும். அந்த நேரத்தில் பாட்டி கரண்டியை மகனிடம்கூடத் தரமாட்டார். அதுதான் பழுப்பு ஆட்டுச்சீஸ். உப்பும் இனிப்புமாக இருக்கும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வாரம் தவறாமல் "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார். ஆடு மேய்ப்பவருக்கு எந்தச் செடி தின்றால் எந்த ஆட்டுக்கு வயிறு ஊதும் என்பது வரை தெரியும், அது என்ன மட்டமான வேலையா? கோடை மலைப்பண்ணை மரபை நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் சேர்த்து 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியது. அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சரிப்பா, பெர்மனன்ட் வேலை எப்போ?" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் அதிகம் கிடைக்கும் குட்பிரான்ஸ்டால் என்ற பழுப்புச் சீஸில் மாட்டுப்பாலும் கலந்திருக்கும். 1863-ல் அன்னே ஹோவ் என்ற பெண் க்ரீம் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்ததில் வந்த வகை அது. முதலில் அதை வாங்குங்கள், பழகிய பிறகு முழு ஆட்டுப்பால் சீஸுக்குப் போங்கள். கேக் மாதிரி துண்டு போடாதீர்கள், சீஸ் சீவியால் தாள் கனத்துக்குச் சீவி, சூடான வாஃபிள் மேல் வைத்துச் சாப்பிடுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கவுச்சி என்று மட்டும் எழுதாதீர்கள்.