மாத்தே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: யெர்பா மாத்தே என்பது தேயிலையில் ஒரு வகையா?

அல்ல. தேயிலை கமேலியா பேரினத்தைச் சேர்ந்தது. இலையை உலர்த்தி, நீரூற்றிப் பானமாக அருந்தப்படும் மாத்தே, ஐலெக்ஸ் பேரினத்தைச் சேர்ந்த, பசுமை மாறாத மரம். பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் ஆகியவற்றின் காடுகளே அதன் தாயகம். காட்டில் 15 மீட்டர் வரை உயரும் இம்மரத்தைத் தோட்டங்களில் கவாத்து செய்து தாழ்வாக வைத்திருப்பதால், படத்தில் பார்ப்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டம்போலத் தோன்றுகிறது.

கேள்வி: 'மாத்தே' செடியின் பெயரா, பாத்திரத்தின் பெயரா?

முதலில், இப்பானத்தை ஊற்றி அருந்தும் பாத்திரத்தின் பெயர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பேசும் கெச்சுவா மொழியில் 'மாத்தி' என்றால் சுரைக்குடுக்கை. நம் கொல்லையில் படரும் அதே சுரையின் காய்தான் அங்கும் குடுக்கையாகிறது. செடிக்குப் பராகுவே பகுதியின் பழங்குடிகளான குவாரனி மக்கள் வழங்கும் பெயர் 'கஆ'.

கேள்வி: விதை வாங்கி விதைத்து இரண்டு மாதங்களாகியும் முளைக்கவில்லை. என்ன உரம் இடலாம்?

விதை புதியதா, உலர்ந்ததா, எப்படி வைத்திருந்தது என்று ஒன்றையும் எழுதாமல் உரத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். முளைக்காத விதைக்கு உரம் எதற்கு? கனி பழுக்கும்போதும் இவ்விதையின் கரு முதிர்ந்திருப்பதில்லை. பல மாதங்கள் ஈரமணலில் கிடந்தே அது முதிரும். 17ஆம் நூற்றாண்டில் இதை முளைக்கவைக்கக் கற்று தோட்டமிட்ட இயேசு சபையினர் 1767இல் ஸ்பானியப் பேரரசிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, அந்த நுட்பம் ஏறத்தாழ மறைந்தேபோய், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனஸ் அயர்ஸில் கார்லோஸ் தைஸ் என்ற தாவரவியலாளரால் மீட்கப்பட வேண்டியிருந்தது. இன்னொன்று: ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. ஒரே செடியை வளர்த்துக் கனியை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மாத்தேயில் இருப்பது காஃபீன் அல்ல, 'மாத்தீன்' என்ற வேறு பொருள் என்றும், அது தூக்கத்தைக் கெடுக்காது என்றும் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறார்களே?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன்: மாத்தீன் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, அது காஃபீனேதான். தேயிலைக்கும் இதே குழப்பம் ஒருகாலத்தில் இருந்தது. தேயிலையிலிருந்து 1827இல் பிரித்தெடுத்த பொருளுக்கு 'தேயீன்' என்று பெயரிட்டார்கள். அதுவும் காப்பியின் காஃபீனும் ஒன்றே என்பது 1838இல் உறுதியாயிற்று. மாத்தீன் என்பது காஃபீனின் 'கண்ணாடிப் பிம்ப' வடிவம் என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். 8 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறு தட்டையானது. தன் பிம்பத்தோடு அது அப்படியே பொருந்திவிடும் என்பதால், அதற்கு அத்தகைய இன்னொரு வடிவம் இருக்கவே இயலாது. மாத்தேயின் சுவையும் குணமும் சற்று மாறுபடுவதற்குக் காரணம், காஃபீனோடு கூடவே தியோபுரோமின், குளோரோஜெனிக் அமில வகைகள், நுரை தரும் சபோனின்கள் ஆகிய இலைப் பொருள்களும் நீரில் இறங்குவதுதான். உலர்ந்த இலையில் காஃபீன் சுமார் 1 சதவீதம் என்று கொள்ளுங்கள். குடுக்கையில் 50 கிராம் இலை போட்டு, மேலும் மேலும் நீர் ஊற்றி உறிஞ்சினால், முழுவதும் இறங்காவிட்டாலும் சில கோப்பைக் காப்பிக்குச் சமமான அளவு உடலில் சேர்ந்துவிடும். கர்ப்பிணிகளும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அந்தப் பொட்டல வாசகத்தை நம்பிக் குடிப்பதுதான் என் ஆற்றாமை. மூலிகை என்ற சொல்லும் காஃபீனைக் குறைத்துவிடாது.

கேள்வி: இதைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்பது உண்மையா?

எவ்வளவு சூடாகக் குடிக்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே. கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் சூடான மாத்தேயை 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. 2016இல் மறுபடி ஆராய்ந்து, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் எல்லாப் பானங்களையும் அப்பிரிவில் வைத்து, அவ்வளவு சூடில்லாத மாத்தேயை அதிலிருந்து நீக்கியது. உணவுக்குழாயைச் சுடுவதே முதன்மையான கேடு. உலோகக் குழலான பொம்பியா வழியாக உறிஞ்சும்போது சூடு நாவில் ஆறாமல் நேரே உள்ளே போய்விடுகிறது. விறகுப் புகையில் உலர்த்திய இலையில் புகைக்கரிச் சேர்மங்களும் படியும் என்பதால், புகையின்றி உலர்த்தியதைத் தேடி வாங்குவது நல்லது. கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள்; ஊற்றியதையும் ஆறவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: நான் தயாரித்தால் கடுங்கசப்பாகிறது. மேலே நுரையும் வருகிறது. இலை கெட்டுவிட்டதா?

நுரை சபோனின்களால் வருவது, கேடில்லை. கசப்புக்குக் காரணம் கொதிநீர். 70 முதல் 80 டிகிரி போதும்.

கேள்வி: குளிர்ந்த நீரில் ஊறவைக்கலாமா?

தாராளமாக. பராகுவேயில் பனிநீரும் பச்சிலைகளும் சேர்த்து அருந்தும் 'தெரெரே' அதுதான். அதன் மரபை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காஃபீன் குளிர்நீரிலும் இறங்கும்.

கேள்வி: நீலகிரிச் சோலைகளிலும் ஐலெக்ஸ் மரம் உண்டு என்கிறார்கள். அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். ஐலெக்ஸ் வைட்டியானா போன்றவை அங்கு உள்ளன என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான இனங்களுள்ள இப்பேரினத்தில் காஃபீன் கொண்டவை மிகச் சிலவே, அவையும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. சோலை மரத்தின் இலையைப் பறிக்காதீர்கள்.