மார்பக மீளமைப்பு: பிறகு கவலைப்படுவோமா? வாசகர் கேள்விகளுக்குச் சத்திரசிகிச்சை நிபுணரின் பதில்கள்

புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்து, கதிர்ச்சிகிச்சையும் முடிந்து எட்டு மாதம். மார்பைத் திரும்ப அமைக்க யோசிக்கிறேன். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில் சந்தித்த ஒருவர் சிலிக்கன் பை வைப்பது சுகம் என்கிறார், இன்னொருவர் வயிற்றுச் சதைதான் நல்லம் என்கிறார். எதைச் செய்தால் பிறகு கவலைப்பட மாட்டேன்?
ஆசிரியை (46), வெள்ளவத்தை

கதிர் பட்ட தோல் இறுகியிருக்கும், இரத்த ஓட்டமும் குறைவு. அதற்குள் சிலிக்கன் பையை வைத்தால், உடம்பு அதைச் சுற்றிக் கட்டும் உறை தடித்துச் சுருங்கி, மார்பு கல்லுப்போல இறுக வாய்ப்புக் கூட. அடிவயிற்றில் போதிய சதை இருந்து, சீனி வருத்தமோ புகைப்பழக்கமோ இல்லையென்றால் நான் வயிற்றுச் சதையின் பக்கம்தான் சாய்வேன்.

ஆனால் அது சின்ன வேலை இல்லை. தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, அதன் இரத்தக்குழாய்களை நெஞ்சிலுள்ள குழாய்களோடு நுணுக்குக்காட்டியின் உதவியுடன் தைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தழும்பு. முதல் சில நாள் கூனித்தான் நடப்பீர்கள். குழாய் அடைத்தால் திரும்பவும் தியேட்டருக்குப் போக வேண்டும். அரிதாக, வைத்த சதை முழுவதும் பட்டுப்போவதும் உண்டு.

2009இல் வெளிவந்த ‘பிரெஸ்ட்-கியூ’ என்ற கேள்விக்கொத்து, உடுப்பில்லாமல் கண்ணாடியில் பார்க்க எப்படி இருக்கிறது, பிரா வசதியாகப் பொருந்துகிறதா என்று பெண்களிடமே கேட்டு 0 முதல் 100 வரை புள்ளி போடுகிறது. அதை வைத்துச் செய்த ஆய்வுகளில் சொந்தச் சதை வைத்தவர்களே பொதுவாகக் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போக அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

என்னிடம் மனம் நொந்து பேசுகிறவர்கள் வடிவத்தைக் குறை சொல்வது குறைவு. “தொட்டால் ஒன்றும் தெரியுதில்லை டொக்டர், முதலே சொல்லியிருக்கலாமே” என்பதுதான் முறைப்பாடு. உணர்ச்சி முழுதாகத் திரும்புவது அரிது. ஆகவே கையெழுத்துப் போட முன்னர், உங்களைப் போன்ற உடல்வாகுள்ளவர்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். திருத்தமாக வராத படங்களையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிற வைத்தியரிடம் அவசரப்பட்டு நாள் குறிக்க வேண்டாம்.

அம்மாவும் அக்காவும் இந்த நோயால்தான் போனார்கள். எனக்குப் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிழையாம். இரண்டு மார்பையும் எடுத்துவிட்டால் நிம்மதியா?
வாசகி (34), கொட்டாஞ்சேனை

இந்த மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு ஆயுளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 வீதத்துக்கும் மேல். இரண்டு மார்பையும் எடுத்தால் அந்த ஆபத்து 90 வீதத்துக்கும் மேல் குறையும், பூச்சியமாகாது. அப்படிச் செய்தவர்களில் பெரும்பாலானோர் முடிவையிட்டு வருந்துவதில்லை, பயமும் தணிகிறது. ஆனால் நோயாளியிடம் இல்லாத ஒரு சங்கடம் உங்களுக்கு உண்டு: நன்றாக இருந்த மார்போடு புதியதை ஒப்பிடுவீர்கள். தாம்பத்தியத்தில் குறை உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். 2013இல் ஹொலிவூட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, இதே மரபணுப் பிழைக்காக இரண்டு மார்பையும் எடுத்ததைப் பகிரங்கமாகச் சொன்னபோது பத்திரிகைகள் போட்டதெல்லாம் உடுப்போடு நின்ற படங்கள்தானே.

இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா? முலையூட்ட முடியாது என்பதைக் கணக்கில் எடுங்கள். சூலகப் புற்றுநோய் ஆபத்தும் அப்படியே இருக்கும். சூலகங்களையும் கருக்குழாய்களையும் 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்தபின் எடுப்பது வழக்கம். மார்பு, சூலகம் இரண்டைப் பற்றியும் வைத்தியரிடம் ஒரே இருப்பில் பேசுங்கள். அதுவரை மார்பை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் ஒரு வழிதான்.

அம்மாவுக்கு 67. மீளமைப்பு வேண்டாம் எண்டு நிற்கிறா. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?
மகள், தெகிவளை

சம்மதிக்க வைக்காதீர்கள். தானாகவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களில் அநேகர் திருப்தியாகவே இருக்கிறார்கள். சாறிதான் யோசனை என்றால், பிராவுக்குள் பை தைத்துப் பஞ்சு அடைத்த உறை வைக்கலாம். அது கையைத் தூக்கும்போது மேலே ஏறும். அடியில் சிறு பாரம் வைத்துத் தைத்தால் நிற்கும். சட்டையின் கழுத்தை அந்தப் பக்கம் சற்று ஏற்றி வெட்டச் சொல்லுங்கள்.

மீளமைத்த மார்புக்கும் மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வேண்டுமா?
வாசகி, பம்பலப்பிட்டி

முழு மார்பும் எடுத்திருந்தால் பொதுவாக வேண்டியதில்லை. மற்றப் பக்கத்துக்கு ஒழுங்காக எடுங்கள். மீளமைத்த பக்கத்தில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.