வெளிமாநில வழக்கறிஞர் வந்து வாதாட முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். டல்லாஸில் எங்களுக்குள்ள வீட்டைச் சீரமைத்த ஒப்பந்தக்காரர், பாக்கித் தொகை கேட்டு அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் எங்கள் மீது வழக்குத் தொடர்ந்திருக்கிறார். சென்ற வாரம் சம்மன் வந்தது. பல ஆண்டுகளாக எங்களுக்கு ஆலோசனை சொல்லிவரும் நியூ ஜெர்சி வழக்கறிஞரே இதையும் நடத்த வேண்டும் என்கிறார் என் கணவர். டெக்சஸ் உரிமம் இல்லாத அவர் அங்கே ஆஜராக முடியுமா? நீதிபதி மறுத்தால், அதை அரசியலமைப்பு உரிமை மீறல் என்று வாதிடலாமா?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஆஜராகலாம், ஆனால் நீதிமன்றத்தின் அனுமதியோடு, அந்த ஒரு வழக்கில் மட்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழக்கறிஞர் உரிமம் வழங்குவதால், ஒரு மாநிலத்தில் முப்பது ஆண்டுகள் வாதாடியவரும் எல்லை தாண்டினால் உரிமமற்றவரே. இந்தத் தற்காலிக அனுமதியை ‘புரோ ஹாக் வைஸ்’ என்ற லத்தீன் பெயரால் குறிப்பிடுவார்கள். ‘இந்த ஒரு முறைக்கு’ என்று பொருள்.

டெக்சஸில் உங்கள் வழக்கறிஞர் முதலில் சட்டத் தேர்வு வாரியத்துக்கு 250 டாலர் செலுத்தி ஒப்புகை பெற வேண்டும். அதன்பின் நீதிமன்றத்தில் பிரமாண மனு ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். தம்முடன் இணைந்து வழக்கை நடத்தப்போகும் டெக்சஸ் வழக்கறிஞர் யார், கடந்த இரண்டு ஆண்டுகளில் டெக்சஸ் நீதிமன்றங்களில் தாம் ஆஜரான அல்லது ஆஜராக அனுமதி கேட்ட வழக்குகள் எவை, ஐந்து ஆண்டுகளுக்குள் தம்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் எடுக்கப்பட்டதா என்பவற்றை அம்மனுவில் தெரிவிக்க வேண்டும். இவர் நற்பெயர் உள்ளவர், அனுமதி வழங்கலாம் என்று அந்த டெக்சஸ் வழக்கறிஞரும் தனியே மனு செய்ய வேண்டும். ஆகவே நீங்கள் இரண்டு வழக்கறிஞர்களுக்குக் கட்டணம் கொடுக்க நேரிடும். பாக்கித் தொகை சிறியதாக இருந்தால் இது கட்டுப்படியாகுமா என்று கணவரோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பழைய வழக்குகளின் பட்டியலைக் கேட்பது வெறும் சடங்கு அன்று. அடிக்கடி வருபவர், உரிமம் பெறாமலேயே அங்கே தொழில் நடத்துகிறார் என்ற ஐயம் நீதிமன்றங்களுக்கு எப்போதும் உண்டு. ஃபுளோரிடாவில் 365 நாட்களுக்குள் மூன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஆஜரானாலே அவ்வாறு கருதப்படும்.

உரிமை மீறல் என்ற வாதம் எடுபடாது. ஒஹையோவில் பதிப்பாளர் லாரி ஃபிளின்ட் மீது தொடரப்பட்ட குற்ற வழக்கில், அவருக்காக வந்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, வேற்று மாநிலத்தில் ஆஜராவதற்கு வழக்கறிஞருக்கு அரசியலமைப்பு வழங்கும் உரிமை எதுவுமில்லை என்று 1979ஆம் ஆண்டு தீர்ப்பானது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. டெக்சஸ் மாவட்ட நீதிமன்ற வழக்கில், சம்மன் கையில் கிடைத்து 20 நாட்கள் முடிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதிலுரை தாக்கலாகியிருக்க வேண்டும். தவறினால் எதிர்த்தரப்பு ஒருதலைப்பட்சத் தீர்ப்புக் கேட்கலாம். ஒரு வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அனுமதி மனு முடிவாகும்வரை காத்திராமல், டெக்சஸ் வழக்கறிஞரை இப்போதே அமர்த்திப் பதிலுரையை அவரைக் கொண்டே தாக்கல் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஒஹையோவில் வசிக்கும் என் தம்பியின் குடிவரவு வழக்கை, கலிஃபோர்னியாவில் மட்டும் உரிமம் பெற்ற வழக்கறிஞர் நடத்துகிறார். இது செல்லுமா?
— மற்றொரு வாசகர்

பதில்: செல்லும். குடிவரவு நீதிமன்றம் ஒன்றிய அரசின் அமைப்பு. ஏதேனும் ஒரு மாநிலத்தில் நல்ல நிலையில் உள்ள உரிமம் போதும். அவரே தம்பியின் விவாகரத்து வழக்குக்காக ஒஹையோ மாநில நீதிமன்றத்துக்கு வருவதானால், அங்கே தனியே அனுமதி பெற்றாக வேண்டும்.