டெஸ்க்டாப்பின் சிடி டிரைவை லேப்டாப்புக்குக் கடன் வாங்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய லேப்டாப்பில் சிடி டிரைவ் படிப்பதில்லை. விண்டோஸ் 7 உள்ள டெஸ்க்டாப்பில் நல்ல டிரைவ் இருக்கிறது. இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ள யூஎஸ்பி வயர் வாங்கி இரண்டையும் இணைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண டிவிடியை லேப்டாப்பில் பார்க்க வேண்டும், முடிந்தால் விண்டோஸையும் புதிதாகப் போட வேண்டும். என்ன வழி?"

முதலில் அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். யூஎஸ்பியில் ஒரு பக்கம் உத்தரவு போடும், மறுபக்கம் கேட்டு நடக்கும். பென்டிரைவ், மவுஸ் எல்லாம் கேட்டு நடப்பவை. லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் உத்தரவு போடுபவை, இரண்டுமே 5 வோல்ட்டை வெளியே தருபவை. நேருக்கு நேர் இணைத்தால் தகவல் நகராது, போர்ட் கெட வாய்ப்புண்டு. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, சில ஹார்டு டிஸ்க் பெட்டிகளுக்கு இந்த வயர்தான் வேண்டும்.

டிரைவையே கழற்றி லேப்டாப்பில் மாட்டலாமே என்று தோன்றும். டெஸ்க்டாப் டிரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும், யூஎஸ்பியில் 12 கிடைக்காது. தனி பவர் அடாப்டருடன் வரும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் இருந்தால் ஓடும். அதிலும் டிரைவின் இணைப்பு பழைய 40 பின் ஐடிஇ வகையா, மெல்லிய வயர் உள்ள சாட்டா வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு டிவிடிக்காக இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவையில்லை.

டிவிடி பார்க்க மட்டும் என்றால் டிரைவ் நகரவே வேண்டாம், உள்ளே இருப்பது நகர்ந்தால் போதும். டெஸ்க்டாப்பில் டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். உள்ளே விஓபி என்று முடியும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள்தான். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அந்த வரம்பு இங்கே குறுக்கே வராது. ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து, லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறங்கள். பழைய விசிடி என்றால் எம்பெக்ஏவி ஃபோல்டரில் உள்ள டிஏடி ஃபைலைக் காப்பி செய்யுங்கள். காப்பி பாதியில் திணறினால் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். எடுத்த காப்பியை ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் எழுதித் தரும் டிஸ்க்குகளின் சாயப்பூச்சு நாளாக நாளாக மங்கும்.

அடிக்கடி சிடி போடுகிறவர் என்றால் லேன் வழி, அதாவது வீட்டுக் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் வயரால் இணைப்பது, நல்லது. இரண்டையும் பிராட்பேண்ட் மோடத்தின் லேன் போர்ட்டில் செருகி, விண்டோஸ் 7 கேட்கும்போது "ஹோம் நெட்வொர்க்" என்று சொல்லுங்கள். சிடி டிரைவில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். லேப்டாப்பில் ரன் பெட்டியைத் திறந்து, இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடித்தால் டிரைவ் தெரியும். பாஸ்வேர்டு கேட்டால் டெஸ்க்டாப் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஆடியோ சிடி மட்டும் இப்படிப் பாடாது, அதில் காப்பி செய்ய ஃபைல்களே கிடையாது. டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 என்றால் எக்ஸ்பியோடு பேசும் பழைய முறை பொதுவாக அணைந்தே இருக்கும். பாதுகாப்புக் குறைவான முறை அது, ஒரு சிடிக்காக அதைத் திறக்க வேண்டாம், பென்டிரைவே போதும்.

டிஸ்க்கிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கி விண்டோஸைப் புதிதாகப் போட மேலே சொன்ன ஷேரிங் உதவாது. லேப்டாப் ஆன் ஆகும் நேரத்தில் அதற்கு நெட்வொர்க் டிரைவ் என்பதே தெரியாது. இதற்கு வெளியே மாட்டும் யூஎஸ்பி டிவிடி டிரைவ்தான் சரி. ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்2 அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) முதலில் அந்த டிரைவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ டிரைவ் வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் கொண்டுபோங்கள். பழைய யூஎஸ்பி போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், சில டிரைவுகள் சுற்றத் தொடங்கி நின்றுவிடும். இரண்டு போர்ட்டில் செருகும் இரட்டைத் தலை வயர் உள்ளதாகக் கேட்டு, கடையிலேயே ஒரு டிஸ்க் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.