இதழின் சாய்வு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சென்ற மாதக் கட்டுரையில், ஒரு பூவைத் துணியில் தைக்க உட்கார்ந்து மூன்று முறை பிரித்ததாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மனதில் நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலை, வீடு என்று ஓடிக்கொண்டே இருப்பவள் நான். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைத்தால் எங்காவது தோட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், யாரோ ஒருவர் தன் வீட்டைச் சுற்றி வளர்த்துப் பார்வைக்குத் திறந்துவிட்டது, எதுவானாலும் சரி. போன முறை இரண்டு நாளில் நான்கு இடம். கைபேசியில் 340 படங்கள். திரும்பி வந்து பார்த்தால் எது எந்தத் தோட்டம் என்றே தெரியவில்லை. களைப்பு வேறு, கிளம்பும்போது இருந்ததைவிட அதிகம்.

ஊர் திரும்பியதும் ஓர் உற்சாகம் வரும். குரோஷாவில் ஓர் இலை, காகிதத்தில் ஒரு பூ, பூத்தையலில் ஒரு கொடி என்று ஆரம்பிப்பேன். ஒன்றையும் முடித்ததில்லை. மேசை இழுப்பறை முழுக்க அரைகுறைகள். உதிர்ந்து கிடந்த பூக்களை எடுத்துவந்து புத்தகத்துக்குள் வைத்தேன். பாதி பழுப்பாகிவிட்டது, பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. “இதெல்லாம் கடையிலேயே கிடைக்குமே, எதுக்கு இந்த வேலை?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுக்கென்று கிடைத்த நேரத்தையும் இன்னொரு வேலையாக மாற்றிக்கொள்கிறேனோ?

அன்புடன்,
வ.

*

அன்புள்ள வ.,

அந்த மூன்று முறை பிரித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நான் தைக்க நினைத்தது நித்திய கல்யாணி. அதைவிடச் சுலபமான பூ ஏது? ஐந்து இதழ், நடுவில் ஒரு பொட்டு. ஒரு பூங்காவில் பாத்தி பாத்தியாகப் பார்த்துவிட்டு வந்த சூட்டில், வளையத்தில் துணியை மாட்டி, பென்சிலால் ஐந்து இதழ் வரைந்து இளஞ்சிவப்பு நூலால் நிரப்பினேன். வந்தது ஒரு நட்சத்திரம். அழகான நட்சத்திரம்தான், ஆனால் நித்திய கல்யாணி இல்லை. பிரித்தேன். இதழை அகலமாக்கினேன். இப்போது வேறு ஏதோ ஒரு பூ. மறுபடியும் பிரித்தேன். சரி, படத்தைப் பார்ப்போம் என்று கைபேசியை எடுத்தால் அறுபது படங்கள் இருக்கின்றன. பாத்திகளின் வரிசை, வெயில், நடைபாதை, கூட வந்தவர்களின் முதுகு. ஒரே ஒரு பூவை நேருக்கு நேர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் அங்கே இருந்த பெயர்ப்பலகையை நின்று படித்தவள் நான். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து ஒன்று இந்தச் செடியிலிருந்து கிடைக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. வின்கிரிஸ்டீன் என்ற அந்த மருந்தின் பெயர்கூட நினைவில் இருந்தது. பூவின் முகம்தான் நினைவில் இல்லை.

மறு வாரம் திரும்பிப் போனேன். இந்த முறை ஒரே செடி, முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஓர் இதழ்கூட நேராக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் ஒடுங்கி, ஐந்தும் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது. குழந்தைகள் கையில் சுற்றும் காகிதக் காற்றாடிதான் அது. பக்கத்திலேயே விரியாத மொட்டு ஒன்று, சுருட்டிக் கட்டிய குடைபோல முறுக்கிக்கொண்டு நின்றது. அந்த முறுக்கு அவிழ்ந்து விரிவதால் வருகிற சாய்வு. நந்தியாவட்டை, அரளி எல்லாம் இதே குடும்பம், ஒற்றை அடுக்குப் பூவை எடுத்துப் பாருங்கள், அதே காற்றாடி. வாழ்நாள் முழுக்கப் பார்த்த பூக்கள். இலைகள் தண்டில் எதிரெதிராக இணை இணையாக வருகின்றன என்பதையும் அன்றுதான் பார்த்தேன். நான் மாற்றி மாற்றித் தைத்து வைத்திருந்தேன். மூன்றாவது முறை பிரித்தது அதற்காக.

நீங்கள் கேட்ட “எதுக்கு இந்த வேலை?” என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். ஊசி என்னைக் கேள்வி கேட்டது. இதழ் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது, எது எதன்மேல் கிடக்கிறது என்று கண் கேட்காது. பார்த்தோம், அழகு, நகர்வோம் என்று போய்விடும். கைக்கு அப்படிப் போக முடியாது, அடுத்த குத்து எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

கடையில் கிடைப்பது இதைவிட நேர்த்தியாக இருக்கும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். என் பூத்தையலை எந்திரத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அதை வாங்கியிருந்தால் இதழ் சாய்ந்திருப்பது எனக்குத் தெரிந்திருக்காது. (போகிற போக்கில் ஒன்று. உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள், உண்மையான குரோஷா கடையில் கிடைத்தால் அதுவும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். உல்லன் பின்னலைப் போல அதைப் போட்டுத்தள்ளும் எந்திரங்கள் தொழிற்சாலைகளில் கிடையாது.)

340 படங்களுக்கு வருகிறேன். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப்போன கல்லூரி மாணவர்களிடம், சிலவற்றைப் படம் எடுங்கள், சிலவற்றைச் சும்மா பாருங்கள் என்றார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கையை உதறிவிடுகிறது போலிருக்கிறது. எனக்குப் பிடித்தது அதன் அடுத்த பகுதி. ஒரு பொருளின் ஏதாவது ஒரு பாகத்தை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், நானே எடுக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு செடிக்கு மூன்று படம்: பூ நேராக, பூ பக்கவாட்டில், இலை தண்டோடு சேரும் இடம். வேறு எதையும் எடுப்பதில்லை. நடைபாதையை யார் தைக்கப்போகிறார்கள்?

ஓய்வை வேலையாக்கிக்கொள்கிறேனோ என்று கேட்டீர்கள். ஆமாம், ஆக்கிக்கொள்கிறீர்கள். ஆனால் பழி கைவேலைமேல் இல்லை. இரண்டு நாளில் நான்கு இடம் என்பது பட்டியல் போட்டு முடிக்கிற அலுவலகக் கணக்கு. ஒரே தோட்டத்துக்கு இரண்டு தடவை போய்ப் பாருங்கள், ஒருநாள் சாயங்காலம், மறுநாள் காலை. ஒரே தோட்டம் என்றுதான் பெயர், இரண்டு தோட்டங்களைப் பார்ப்பீர்கள். அந்திமந்தாரை வெயில் தாழ்ந்த பிறகு விரிந்து காலையில் கூம்பிவிடும். பகல் பதினொரு மணிக்குப் போகிறவருக்கு அது வெறும் பச்சைப் புதர். எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், மூடும் என்று கவனித்து, பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று 1751இலேயே யோசனை சொன்னார் லின்னேயஸ், செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய அதே மனிதர். நான்கு தோட்டத்துக்கு ஓடுகிறவரால் கடிகாரத்தின் ஒரு முள்ளைக்கூடப் பார்க்க முடியாது.

பழுப்பான பூக்களைப் பற்றி. உதிர்ந்ததை எடுப்பதுதான் நாகரிகம், அதை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் அப்போதுதான் உதிர்ந்ததாகப் பார்த்து எடுங்கள். நசுங்கிய இடம் எப்படியும் பழுத்துவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகு எடுக்கவேண்டும். வழவழப்பான தாள் உள்ள புத்தகம் ஈரத்தை உறிஞ்சாது, உங்கள் பூஞ்சைக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பழைய செய்தித்தாளோ மைஒற்றும் தாளோ போதும், மேலே சமமான பாரம். முதல் நான்கைந்து நாள் தினமும் தாளை மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பிறகு இரண்டு மூன்று வாரம் திறந்து பார்க்காமல் விடவேண்டும், அது அதைவிடக் கஷ்டம். தடித்த பூ என்றால் இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். சிவப்பும் ஊதாவும் நிறம் மாறும், மஞ்சள் ஓரளவு தாங்கும். பெரணி இலைகள் எதையும் மன்னித்துவிடும், அதில் ஆரம்பியுங்கள். காய்ந்தபின் நேர்வெயிலில் வைக்காதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் இப்படித் தாளுக்கு நடுவே உலர்த்திய செடிகள் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன, இருட்டில்.

பூ உலர்த்துகிறவர்களுக்கு ஒரு பெரிய மனிதரின் துணை உண்டு. ஜெர்மன் கவிஞர் கதே 1786 செப்டம்பரில் ஒருநாள் விடிவதற்கு முன்பே, நண்பர்களிடம்கூடச் சொல்லாமல், பொய்ப் பெயரில் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார். அலுவல் அலுத்துப்போன மனிதரின் சின்ன இடைவேளை. ஊர் திரும்ப ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆக இருந்தது, அது வேறு கதை. அந்த மாதக் கடைசியில் பதுவா நகரத்தின் தாவரவியல் தோட்டத்துக்குப் போனார். 1545இல் தொடங்கிய தோட்டம். அங்கே 1585இல் நட்ட விசிறிப் பனை ஒன்று. இவர் கீழிருந்து மேலாக இலைகளைப் பார்த்தார். அடியில் ஈட்டிபோல ஒற்றை இலை, அதற்கு மேலே நடுவில் பிளந்த இலை, இன்னும் மேலே முழு விசிறி. ஒரே இலைதான் படிப்படியாக வடிவம் மாறுகிறது! தோட்டக்காரரைக் கேட்டு அந்த வரிசையை அப்படியே வெட்டி வாங்கி, அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். செடியின் பாகங்கள் எல்லாம் இலையின் உருமாற்றமே என்று அவர் எழுதியது நான்கு வருஷம் கழித்து. அந்தப் பனை இன்னும் அங்கே நிற்கிறது, அதைச் சுற்றிக் கண்ணாடி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் இழுப்பறை. மேரி டிலானி என்று ஒரு இங்கிலாந்துப் பெண்மணி. கணவர் இறந்தபின், பெரிய தோட்டம் வைத்திருந்த தோழியின் வீட்டில் போய் மாதக்கணக்கில் தங்குவது அவர் வழக்கம். எழுபது வயதைத் தாண்டியவர், 1772இல் ஒருநாள், ஒரு பூவிதழும் மேசைமேல் கிடந்த காகிதத் துண்டும் ஒரே நிறத்தில் இருப்பதைக் கவனித்துக் கத்தரியை எடுத்தார். கறுப்புத் தாளின்மேல், வண்ணக் காகிதங்களை நுணுக்கி நுணுக்கி வெட்டி ஒட்டிய பூக்கள். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். முன்னால் நிஜச் செடியை வைத்துக்கொண்டு, மகரந்தத் தாள்களை எண்ணி ஒட்டினார். சர் ஜோசப் பேங்க்ஸ் போன்ற தாவரவியலாளர்களே மெச்சினார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஆயிரம் பூ செய்துவிடுவது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பத்து வருஷத்தில் பார்வை மங்கிவிட்டது. 985இல் நிறுத்திக்கொண்டார். ஆக, அதுவும் முடியாத வேலைதான். பதினைந்து பூ பாக்கி.

அதனால் இழுப்பறையைத் திறந்து கணக்குப் பார்க்காதீர்கள். அதில் பாதியைத் தூக்கிப் போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. எதைத் தொட்டால் அந்தச் செடி கண்முன் வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் நித்திய கல்யாணியும் இன்னும் வளையத்திலேயேதான் இருக்கிறது. நான்கு இதழ் சாய்ந்துவிட்டது. ஐந்தாவது, முதல் இதழின் அடியில் போய்ச் செருகவேண்டும். அதை எப்படித் தைப்பது என்று தெரியாமல் ஊசியைக் குத்தி வைத்திருக்கிறேன். தெரிந்தால் எழுதுங்கள்.

ஆமாம், குரோஷாவில் ஓர் இலை போட ஆரம்பித்ததாகச் சொன்னீர்களே, அது எந்தச் செடியின் இலை? கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்,
அக்கா