வாய் திறக்கவில்லை, வெளியே வீக்கமும் இல்லை: தாடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. வலது பக்கம் கீழே ஞானப்பல் படுத்தவாக்கில் இருந்தது, அதை எடுத்து ஆறு நாள் ஆகிறது. இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை, ஒரு விரல்தான் நுழைகிறது. வெளியே வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் காதுக்குள் குடைகிறது. ஊசி போடும்போது நாக்கில் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்றது, அந்தப் பக்க நாக்கு இன்னும் மதமதவென்று இருக்கிறது. நரம்பை வெட்டிவிட்டார்களா? டெட்டனஸாக இருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். இடது பக்கப் பல்லையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எடுக்கலாமா?

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். நாளைக் காலையே பல் எடுத்தவரிடம் போய்க் காட்டுங்கள். போனில் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்வது போதாது, அவர் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். இது பெரும்பாலும் ஆபத்தில்லாத தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிற அந்த ஒரு வரி, "வெளியே வீக்கம் இல்லை" என்பது, எனக்கு ஆறுதலாக இல்லை. ஏன் என்று புரிய, தாடைக்குப் பின்னால் இருக்கிற ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கன்னத்தில் கை வைத்துப் பல்லை நறுக்கென்று கடியுங்கள். வெளியே புடைக்கிறதே ஒரு தசை, அது மாசெட்டர். அதற்கு அடியில் கீழ்த்தாடை எலும்பு ஒரு பலகை மாதிரி காது வரைக்கும் ஏறிப் போகிறது. எல்லாரும் முகம் அந்தப் பலகையோடு முடிந்துவிடுவதாக நினைக்கிறார்கள். பலகைக்கு உள்பக்கம், மேல்தாடைக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்துக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. இன்ஃப்ராடெம்போரல் ஃபோசா என்று பேர். பழைய வீடுகளில் கூடத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருக்குமே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே போனால் கால் வைக்க இடம் இருக்காது, அது மாதிரி. வெளிச்சுவர் தாடை எலும்பு, முன்சுவர் மேல்தாடையின் பின்பக்கம், உள்சுவர் டெரிகாய்டு என்ற எலும்புத் தகடு, கூரை மண்டையோடு.

அந்தக் கூரையில் முட்டை வடிவத்தில் ஒரு துளை உண்டு. முகத்துக்கெல்லாம் உணர்ச்சி கொடுக்கிற ட்ரைஜெமினல் நரம்பின் மூன்று பிரிவுகளில் மூன்றாவதான மாண்டிபுலார் நரம்பு, அந்தத் துளை வழியாக இந்த அறைக்குள் இறங்கி, இறங்கின வேகத்தில் கிளை கிளையாகப் பிரிந்துவிடும். ஒரு கிளை கீழ்ப்பற்களுக்குப் போய்க் கடைசியில் உதட்டுக்கும் மோவாய்க்கும் வெளியே வருகிறது. இன்னொன்று நாக்குக்கு. ஒன்று கன்னத்தின் உள்பக்கத்துக்கு. ஒன்று தாடை மூட்டைச் சுற்றிக் காதுக்கு முன்னாலும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் ஏறுகிறது. மெல்லுகிற தசைகள் நான்குக்கும் கட்டளை கொண்டுபோகிற கிளைகளும் இங்கேதான். அவற்றில் டெரிகாய்டு தசைகள் இரண்டும் இந்த அறையிலேயே குடியிருக்கின்றன. இடுக்கில் மாக்ஸிலரி தமனி, அதைச் சுற்றி வலை மாதிரி சிரைகள். இவ்வளவும் கட்டைவிரல் நுழையத் திண்டாடுகிற இடத்தில்.

(நம் பேச்சுத் தமிழில் ஒரு குழப்பம் உண்டு. குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸ் "நரம்பே கிடைக்கல" என்பார், அவர் தேடுவது சிரையை. நான் இங்கே நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுபோகிற நிஜ நரம்பை மட்டும்.)

இனி உங்கள் ஊசிக்கு வருவோம். கீழ்க் கடைவாய்ப் பல்லை மரக்க வைக்கப் பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் போதாது, அங்கே எலும்பு கெட்டி, மருந்து ஊறாது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். தாடைப் பலகையின் உள்பக்கம் நடுவில் ஒரு துளை, அதன் விளிம்பில் சின்ன நாக்கு மாதிரி ஓர் எலும்பு முனை, அதற்குச் சற்று மேலே மருந்து விழ வேண்டும். ஊசி கன்னத்தசையைத் துளைத்துச் சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் உள்ளே போகும். ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் மீடியல் டெரிகாய்டு தசை, நடுவில் ஆப்பு மாதிரி ஒரு சந்து. எதையும் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவி, குறி வைத்து, எலும்பில் முட்டிப் பார்த்துப் போடுகிற ஊசி. 1884-இல் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட், ஹால் என்ற இருவர் கொக்கெயினை வைத்து முதன்முதலில் இதைச் செய்து பார்த்தார்கள். மருந்து மாறிவிட்டது, இருட்டில் தேடுவது மாறவில்லை.

அந்தச் சந்தில் நாக்கு நரம்பு பல் நரம்புக்குச் சற்று முன்னால், உள்பக்கமாக ஓடுகிறது. ஊசி போகிற வழியிலேயே இருப்பதால் பல் மரக்கும்போது பாதி நாக்கும் சேர்ந்து மரக்கிறது. நீங்கள் வாயை அகலத் திறந்திருக்கும்போது அது கொடிக்கயிறு மாதிரி விறைத்து நிற்கும், ஊசி முனை வந்தால் விலகிக்கொடுக்காது. அந்தச் சுரீர், முனை அதை உரசியதுதான். உரசுவது வேறு, வெட்டுவது வேறு. அவ்வளவு மெல்லிய ஊசி ஒரு நரம்பை முழுசாக வெட்டிவிடாது. ஊசியின் மேலேயே முழுப் பழியையும் போடவும் எனக்கு மனமில்லை. ஞானப்பல்லின் உள்பக்கம் அதே நாக்கு நரம்பு சிலருக்கு ஈறுக்கு அடியிலேயே ஓடும், பல் எடுக்கும்போது அங்கே இழுபட்டிருக்கலாம். இரண்டில் எது என்று எழுத்தில் படித்து யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கீழ் உதட்டையும் மோவாயையும் இரண்டு பக்கமும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி ஒரே மாதிரி இருந்தால் பல் நரம்பு பத்திரம். அப்புறம் நாக்கின் அந்தப் பாதியில் கொஞ்சம் உப்பு வைத்து, நாக்கை உள்ளே இழுக்காமல் சுவை தெரிகிறதா என்று பாருங்கள். சுவை நரம்பு உண்மையில் முகத் தசைகளை ஆட்டுகிற ஏழாம் நரம்பின் கிளை. நடுக்காதைக் கடந்து இந்த அறைக்குள் வந்து நாக்கு நரம்போடு ஒட்டிக்கொண்டு நாக்குக்குப் போகிறது, அதனால் ஒன்று அடிபட்டால் இரண்டும் சேர்ந்து மங்கும். எங்கே மரத்திருக்கிறது என்று ஒரு தாளில் நாக்கை வரைந்து, கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். வாராவாரம் கோடு சுருங்கினால், அல்லது எறும்பு ஊர்கிற மாதிரி, குத்துகிற மாதிரி வந்தால், திரும்பி வருகிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு எட்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். மூன்று மாதமாகியும் கோடு அசையவில்லை என்றால் முகத்தாடை அறுவை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும், "தானாகச் சரியாகும்" என்று ஒரு வருஷம் உட்கார்ந்திருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. அதுவரை கொதிக்கிற காபி வேண்டாம், நாக்குக்குச் சூடு தெரியாது. நரம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

காதுக்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். பல், நாக்கு, காதின் முன்பகுதி எல்லாம் ஒரே நரம்பின் கிளைகள் என்றேனே, ஒரு கிளையில் தொல்லை என்றால் மூளைக்கு வீட்டு எண் குழம்பிவிடும். காதில் சொட்டு மருந்து விட வேண்டாம்.

சரி, வாய்ப்பூட்டு. பல்லை எடுத்த அன்றே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கினால் அது அறுவையின் வழக்கமான பின்விளைவு. உங்களுடையது இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்திருக்கிறது. அப்படி வந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, ஊசி மீடியல் டெரிகாய்டு தசையைக் குத்தி உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து, அந்தத் தசை கோபித்துக்கொண்டு இறுகியிருக்கலாம். அந்தத் தசையின் வேலையே வாயை மூடுவது, அது இறுகினால் திறக்க விடாது. இரண்டாவது, அதே சந்தில் கிருமி புகுந்து சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். இங்கேதான் அந்த வீக்கம் இல்லாத விஷயம் வருகிறது. வெளிச்சுவர் தாடை எலும்பு, அது கன்னம் புடைக்க விடாது. சீழ் உள்பக்கமாகத் தொண்டையை நோக்கித்தான் தள்ளும். வாய் சுத்தமாகத் திறக்காது, கன்னம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். அதனால்தான் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன்: உள்நாக்குக்குப் பக்கத்தில் வலது பக்கம் சிவந்து புடைத்திருக்கிறதா, உள்நாக்கு இடது பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். போன தடவை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மிச்சமான ஆன்டிபயாடிக்கை நீங்களாக ஆரம்பித்துவிட்டு வராதீர்கள், அது உண்மையான நிலைமையை மறைத்துவிடும்.

காலை வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, குரல் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி மாறுகிறது, நாக்கின் அடியோ மோவாய்க்குக் கீழேயோ கல் மாதிரி இறுகுகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, குளிர் காய்ச்சல் வருகிறது, கண் இமை வீங்குகிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது — இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள். கண்ணை ஏன் சேர்த்தேன் என்றால், அந்த அறையின் சிரை வலை கண்குழிச் சிரைகளோடும், அதைத் தாண்டி மூளைக்கு அடியில் இருக்கிற கேவர்னஸ் சைனஸ் என்ற சிரை ரத்தக் குழியோடும் தொடர்புள்ளது. அபூர்வம்தான், ஆனால் வழி திறந்தே இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

இந்த அறைக்குப் பக்கத்திலேயே மாடக்குழி அளவில் இன்னொன்று இருக்கிறது, டெரிகோபாலட்டைன் ஃபோசா. அதற்கு ஏழு வாசல்: மூக்குக்கு, கண்குழிக்கு, அண்ணத்துக்கு, தொண்டையின் மேல்பகுதிக்கு, மண்டைக்குள் இரண்டு, நம் சாமான் அறைக்கு ஒன்று. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை மூக்கில் தொடங்கிக் கண்ணையும் மேல்தாடையையும் கொண்டுபோனபோது, பலருக்கு அது கடந்துபோன சந்திப்பு இதுதான். உங்கள் கீழ்ப்பல்லுக்கு நேரடித் தொடர்பில்லை, சர்க்கரை என்றதும் நினைவு வந்தது.

மாமியார் பயத்திலும் நியாயம் இருக்கிறது, டெட்டனஸ் பெரும்பாலும் வாய்ப்பூட்டில்தான் தொடங்கும். ஆனால் அது இரண்டு பக்கமும் இறுக்கும், கழுத்து, முதுகு, வயிறு என்று பரவும். ஒரு பக்கம் பல் எடுத்து அதே பக்கம் மட்டும் வலித்து இறுகினால் அது அந்த இடத்துப் பிரச்சினைதான். கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சீழ் இல்லை, வெறும் தசைப்பிடிப்பு என்று அவர் சொன்னால், அன்றிலிருந்து தாடைக்கு ஓய்வு கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று அசைக்காமல் வைத்தால் கசிந்த ரத்தம் நாராக மாறித் தசையைக் கட்டிப்போடும், இப்போது பத்து நாளில் முடிய வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். ஈரமான சூட்டு ஒத்தடம் ஒரு தடவைக்கு 20 நிமிடம், விழித்திருக்கும்போது முடிந்தவரை அடிக்கடி. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வாயைத் திறந்து மூடி, தாடையை இரண்டு பக்கமும் நகர்த்துங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வையுங்கள், நாளைக்கு ஒரு குச்சி கூடட்டும். வலி எடுக்கும் வரை போகலாம், கண்ணில் நீர் வரும் வரை வேண்டாம், வீட்டில் யாரையும் பிடித்துத் திறக்கவும் விடாதீர்கள். உங்கள் மூன்று விரல் செங்குத்தாக நுழைந்தால் பழைய நிலைக்கு வந்துவிட்டீர்கள். ஒத்தடமும் வலி மாத்திரையும் தொடங்கி இரண்டு நாளில் கொஞ்சமும் மாறாவிட்டால் மறுபடியும் போய்க் காட்டுங்கள், முதல் தடவை தெரியாத சீழ் இரண்டாம் தடவை தெரியலாம்.

இடது பக்கப் பல்லுக்கு அவசரமில்லை. வலது நாக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் இடது பக்க நாக்கு நரம்பின் அருகே நான் போக மாட்டேன், இரண்டு பக்கமும் மரத்தால் சாப்பிடுவதும் பேசுவதும் நரகம். அதற்குள் அந்தப் பல்லில் சீழ் பிடித்து எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்து, வாயும் திறக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. 1960-இல் வசிரானியும் 1977-இல் அகினோசியும் தனித்தனியாக எழுதிய முறை: பல்லை மூடியபடியே, மேல் கடைவாய்ப் பற்களின் ஈறு ஓரமாக ஊசியைத் தாடைப் பலகையின் உள்பக்கம் செலுத்துவது. எலும்பில் முட்டிப் பார்க்கிற வசதி அதில் கிடையாது, ஆனால் மருந்து கொஞ்சம் உயரத்தில் விழுவதால் தசைக்குப் போகிற கிளைகளும் மரத்து, பிடிப்பு தளர்ந்து, வாய் ஓரளவு தானே திறக்கும்.