ஒன்று 68 என்கிறது, இன்னொன்று 9 என்கிறது!

கேள்வி: என் மகள் தன் எம்.ஏ. ப்ராஜெக்டை லாங் சைஸ் நோட்டில் ஆங்கிலத்தில் கையால் எழுதி, அப்புறம்தான் டைப் செய்தாள். அதில் 68 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று ஒரு மென்பொருள் காட்டியதாம்; கைடு திருப்பி அனுப்பிவிட்டார். அதே பக்கங்களை இன்னொன்றில் போட்டால் 9 சதவீதம்தான் வருகிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

யார் எழுதியது என்று இந்த மென்பொருள்களுக்குத் தெரியாது. ‘பொழுது’ என்றதும் ‘விடிந்தது’ என்று நாமே முடித்துவிடுவோம் இல்லையா? அப்படி அடுத்த சொல் எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தால், வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால், ஏ.ஐ. என்று சந்தேகப்படுகின்றன. சந்தேகக் கோட்டை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் போடுகிறது. சதவீதத்துக்கும் ஒரே பொருள் இல்லை. சிலவற்றில் அது கட்டுரையில் எவ்வளவு பகுதி ஏ.ஐ. என்பது, சிலவற்றில் ஏ.ஐ.யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. 68-ஐயும் 9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு.

இதில் அதிகம் அடிபடுவது ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவர்கள்; பழகிய தொடர்களையே எழுதுவதால் அடுத்த சொல் எதிர்பார்த்தபடியே வந்துவிடுகிறது. ‘இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்’ என்று தொடங்காத கட்டுரையை என் வகுப்பில் நான் பார்த்ததே இல்லை. 2023-ல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளுக்கு ஏ.ஐ. முத்திரை! அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ ஏறக்குறைய எல்லாமே தப்பித்தன. டோஃபல் கட்டுரைகளில் 18, ஏழு மென்பொருள்களிலும் மாட்டின. ஆக, எல்லாம் ஒரே குரலில் சொன்னாலும் கதை அவ்வளவுதான்.

சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படிக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது; மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

1998-ல் நான் ஆங்கிலத்தில் அனுப்பிய வேலை விண்ணப்பத்தை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். முழுக்க ஏ.ஐ.யாம்! அந்த வேலை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அடித்தல் திருத்தலோடு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மகள் கைடை நேரில் பார்க்கட்டும். கூகுள் டாக்ஸில் டைப் செய்திருந்தால், என்றைக்கு எந்தப் பத்தி சேர்ந்தது என்பது அதன் பழைய பதிப்புகளில் இருக்கும்; அதையும் காட்டலாம். எந்த அத்தியாயத்திலிருந்தும் பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள் என்று அவளே கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். ‘ஏ.ஐ. வாடையைப் போக்கித் தருகிறோம்’ என்று சில மென்பொருள்கள் வருகின்றன. அதில் போட்டு எடுத்தால், நோட்டில் இருப்பது ஒன்றாகவும் டைப் செய்தது வேறொன்றாகவும் ஆகிவிடும். அப்புறம் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.